தேறாதவை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கழுத்துவலி தேவலையா? காற்றுப் புகாத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கையை நுழைத்து நாள் முழுக்க நின்றால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? அத்தானின் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நாம் போனை எடுத்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை. அம்மா போட்ட சட்டம் நினைவிருக்கிறதல்லவா? "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்கடி. எழுதி முடிக்கறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்." அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தொழிற்சாலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. என்ன வேலை தெரியுமா? நீ இத்தனை வருஷமாக மல்லுக்கட்டுகிறாயே, அதே வேலை. அதிகச் சூட்டிலும் மூலக்கூறுகளை நீளமான சங்கிலியாகக் கட்டிப் பிளாஸ்டிக் ஆக்கும் வினையூக்கி. அதைக் கணினியில் தேடப்போகும் ஆள் உன் தங்கை! என் தற்காலிக வேலை டிசம்பரில் முடிகிறது. இது சரியாக அமைந்தால் நிரந்தரம் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். அமையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நீ செய்து பார்த்த வினையூக்கிகள் எல்லாவற்றையும் அனுப்பி வை. தேறியதும் வேண்டும், தேறாததும் வேண்டும். தேறாததுதான் எனக்கு ரொம்ப முக்கியம். எது ஏன் விழுந்தது என்று தெரிந்தால்தான் என் கணக்கு எங்கே பொய் சொல்கிறது என்று பிடிக்க முடியும்.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
குட்டி


ஜூன் 20

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கழுத்து இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் கண்டு மிகவும் மகிழ்ச்சி. எங்கள் இயக்குநரும் விஷயத்தைச் சொன்னார். நீ கேட்ட விவரங்களைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் வடிவமும், எந்தச் சூட்டில் எவ்வளவு நீளச் சங்கிலி வந்தது என்பதும் அதில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்துக்கொள்.

மழை ஆரம்பித்துவிட்டது. ஆய்வகத்துக்குப் போகும் பாதையில் முழங்கால் வரை தண்ணீர். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா


ஜூன் 21

என் அன்பான கப்பல்காரருக்கு,

நலமா? எஞ்சின் அறைச் சூட்டில் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது பரவாயில்லையா? நான் நலம். உடம்பு நலம் என்று சொல்கிறேன். மனசைக் கேட்காதீர்கள், எரிகிறது.

குட்டியின் கைக்கு எங்கள் கம்பெனி வேலை ஒன்று போயிருக்கிறது, அது அமைந்தால்தான் அவளுக்கு அங்கே நிரந்தரமாம். என்னுடைய வேலை! உலோக அணு ஒன்றை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி எந்த வடிவத்தில் வேலி கட்டினால் வாயு மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அது கோத்துக்கொண்டே போகும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். நீளமாகக் கோத்தால் பிளாஸ்டிக். பாதியில் கையை விட்டுவிட்டால் மெழுகு. ஒவ்வொரு வேலிக்கும் எனக்கு மூன்று மாதம் போகிறது. விரலில் தழும்பு, தலையில் நரை. அவளுக்கு? நாற்காலி, காப்பி, ஒரு விசைப்பலகை. ஒரு சொட்டு கரைப்பான் கையில் பட்டிருக்குமா?

அம்மா நேற்று போன் செய்தாள். "சின்னவ கம்ப்யூட்டர்லயே பிளாஸ்டிக் பண்றாளாமே! நீ இன்னும் அந்த டப்பாக்குள்ளயே கைய விட்டுக்கிட்டு நிக்கிறியா?" அம்மா வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. சின்ன வயதிலும் இப்படித்தான். நான் ராத்திரி பகலாகப் படித்து முதலிடம் வாங்குவேன். அவள் விளையாடிவிட்டு வந்து முதலிடம் வாங்குவாள். எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

தேறியது, தேறாதது எல்லாம் அனுப்பு என்றாள். தேறியதை மட்டும் அனுப்பினேன். நான் வழுக்கி விழுந்த இடங்களை எல்லாம் அவள் எண்ணிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். என் தோல்வி என் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? திட்டாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
எரிகிற வயிற்றுக்காரி


ஜூலை 19

என் ராணியம்மாவுக்கு,

நலம். தோல் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது, திரும்பி வந்தால் வேறு புருஷன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடாதே. உன் கடிதம் இந்தத் துறைமுகத்தில்தான் கைக்கு வந்தது. எஞ்சின் அறையில் நின்று படித்தேன். எஞ்சினைவிட உன் கடிதம் சூடாக இருந்தது. பக்கத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, அக்கா தங்கச்சி" என்றேன். அவருக்கு மூன்று அக்காக்களாம், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

திட்டாதே என்றாய், திட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளும் பாவம், வேலை நிரந்தரமாக வேண்டும் என்று கிடந்து தவிக்கிறாள். தேறாததையும் அனுப்பிவிடு. அனுப்பினால் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்துக்கு ஒத்தடம் கொடு.

உன் புதுத் தோல்காரன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நீயும் நலம்தானே? நான் நலம் என்று எழுதினாலும் கால் தரையில் படவில்லை. கிடைத்துவிட்டது அக்கா!

நீ அனுப்பியதை எல்லாம் கணக்கில் போட்டேன். நான் பார்ப்பது இரண்டு ஆற்றல் மேடுகளைத்தான். அடுத்த மூலக்கூறு வந்து சங்கிலியில் சேர ஏற வேண்டிய மேடு ஒன்று. சங்கிலி அறுந்து விழ ஏற வேண்டிய மேடு இன்னொன்று. சேரும் மேடு தாழ்ந்து, அறும் மேடு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு நீளச் சங்கிலி. நீ செய்தவை எல்லாம் கணக்கோடு அழகாகப் பொருந்தின. எங்கள் பேராசிரியரே, "உங்க அக்கா ஒண்ணுகூடத் தப்பா செய்யலியா!" என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு புது வடிவங்களை ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கில் ஓடி, ஒன்று மட்டும் தனியாக எழுந்து நின்றது. படம் வைத்திருக்கிறேன். உலோகத்தைச் சூழும் இரண்டு வளையங்களையும் இணைக்கும் பாலத்தில் சிலிக்கான், இரண்டு ஓரத்திலும் பருத்த கிளைகள். எந்தச் சூட்டிலும் சங்கிலி அறாது என்கிறது கணக்கு.

செப்டம்பர் பன்னிரண்டு உங்கள் தொழிற்சாலைக்கே வந்து சொல்லப்போகிறேன். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். மதியம் உன்னோடுதான் சாப்பாடு. அதற்கு முன்னால் நீ சொல், படத்தைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது? உன் கண்ணுக்குத் தப்பாகப் பட்டால் நான் வாயே திறக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
குட்டி


ஆகஸ்ட் 14

என் அன்பான கப்பல்காரருக்கு,

நலமா? இந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் உங்களைப் பிடிக்குமோ தெரியவில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

குட்டி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அவள் கண்டுபிடித்த புது வினையூக்கியாம். பிரித்துப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. அது என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சிலிக்கான் பாலம், இதே பருத்த கிளைகள், எல்லாம் நான் கட்டியதுதான். வினை நடக்கும் பாத்திரமான ரியாக்டரைத் திறந்தபோது வந்தது மெழுகு. விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும் மெழுகு. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேனே, நீங்கள்கூடப் பல்வலியா என்று கேட்டீர்களே, அந்த நாள்தான்.

அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லையே. நான் அனுப்பியது எல்லாம் தேறியவை, அதனால் அவள் கணக்குக்குத் தேறுவது மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் எங்கள் ஆட்கள் முன்னால் நின்று வாய் கிழியப் பேசப்போகிறாள். பிறகு அதைச் செய்யச் சொல்லி என்னிடம்தான் கொடுப்பார்கள். நான் மெழுகைக் கொண்டுபோய் மேஜையில் வைப்பேன். அவ்வளவுதான் கதை.

சொல்லிவிடலாம். ஒரு வரி போதும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அவள் ஒரு தடவை விழட்டும் என்றிருக்கிறது. விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை அவளுக்கும் தெரியட்டும். இப்படி நினைக்கிற எனக்கு என்ன பெயர் என்று தெரியும். தெரிந்தும் பேனாவை எடுக்க முடியவில்லை.

உங்கள் அவள்


செப்டம்பர் 4

அன்புள்ள குட்டிக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆய்வகத்தில் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி இரண்டு வாரம் எங்களைப் பிய்த்தெடுத்துவிட்டது.

படம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. கணக்கு விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? பன்னிரண்டாம் தேதி வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்க அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காமல் எடுத்து வா. கேன்டீனில் மதியம் கூட்டமாக இருக்கும், நான் இடம் பிடித்து வைக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 6

ராணியம்மாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. தபால் படகு கிளம்பப்போகிறது. உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. பன்னிரண்டுக்குள் இது உன் கைக்கு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

"இது மெழுகுடி" என்று சொல். ஒரே ஒரு வார்த்தை. எழுத எவ்வளவு மை ஆகும்? பொறாமைப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் என் தம்பியைப் பார்த்தால் காதில் புகை வரும். ஆனால் அவள் பிழைப்பில் கை வைக்காதே. அவள் விழுந்தபிறகு நீ எப்படித் தூங்குவாய்? உன்னை எனக்குத் தெரியாதா?

உன் அவன்


அக்டோபர் 10

என் அன்பான கப்பல்காரருக்கு,

நலமா? உங்கள் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

குட்டி வந்தாள். இளைத்திருந்தாள். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தட்டிலிருந்ததைத் தொடவே இல்லை. "பயமா இருக்குக்கா. நீ பாத்து நல்லாயிருக்குன்னு சொன்ன பிறகுதான் தைரியமே வந்துச்சு" என்றாள். சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் எங்கள் இயக்குநர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வருஷக் கணக்கா தேடினத தங்கச்சி ரெண்டு மாசத்துல பிடிச்சுட்டாங்க!" என்று சிரித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தில் அருமையாகப் பேசினாள். திரையில் அணுக்கள் சுழல்கின்றன, சங்கிலி வளர்கிறது, எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். முடிந்ததும் இயக்குநர் என் பக்கம் திரும்பி, "உங்க அனுபவத்துல என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லோர் கண்ணும் என் மேல். குட்டியும் பார்த்தாள். "செஞ்சு பாத்தாதான் தெரியும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

செய்யும் வேலை எனக்கே வந்தது. பழைய வேலியில் கொஞ்சம் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதையே சுத்தம் செய்து எடுத்தேன், மூன்று வாரத்தில் வினையூக்கி கையில். இந்தத் தடவை ஒரு குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். மெழுகு வந்ததும், "லேப்ல ஏதோ ஈரம் பட்டிருக்கும், அக்கா கெடுத்துட்டா" என்று ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது. தோற்றது அவள் கணக்குதான் என்று பச்சையாகத் தெரிய வேண்டும். அதனால் வாயுவை உலர்த்தும் குழாயை இரண்டு தடவை சுட்டெடுத்தேன். வினையூக்கியை எழுப்பிவிட அலுமினியத் துணைப்பொருள் ஒன்று சேர்ப்போம், பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆவியாகும் கசடு எல்லாம் போகும்வரை வெற்றிடத்தில் வைத்து வெறும் வெள்ளைத் தூளாக்கினேன். அந்தச் சள்ளை பிடித்த வேலையை இங்கே யாரும் செய்ததில்லை, நானும்தான். அவ்வளவு கவனமாக, அவள் விழுவதற்காக, வேலை செய்தேன்.

ரியாக்டரைத் திறந்தேன். மெழுகு இல்லை. வெள்ளை வெளேரென்று மணல் மணலாகப் பிளாஸ்டிக். அழுத்தித் தகடாக்கி இரண்டு கையாலும் மடக்கினேன். மடங்கியது, உடையவில்லை. சங்கிலி நீளத்தை அளந்த பையன் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அளந்தான்.

புரிகிறதா உங்களுக்கு? மூன்று வருஷத்துக்கு முன்னால் தப்பு வினையூக்கியில் இல்லை. அந்தக் கசடுதான் சங்கிலியைப் பாதியில் பிடுங்கிக்கொண்டிருந்தது. மற்ற வினையூக்கிகள் அதைத் தாங்கின, இது தாங்கவில்லை. இத்தனை நாள் தேடியது என் கையிலேயே இருந்தது. நான்தான் மெழுகு என்று கழுவி ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலில் போட்டு மறந்தேன். இன்றைக்கு அது அவள் பெயரில் ஊர்வலம் போகிறது. அவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? அவளையா, மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த என்னையா? ஆய்வகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து வாழ்த்துகளை வாங்கிக்கொண்டேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் அவள்


அக்டோபர் 28

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் பத்து நாளாக மனசு வரவில்லை, இப்போது கேட்கிறேன். நலமா?

உங்கள் ஆய்வக அறிக்கையில் எனக்கும் ஒரு பிரதி வந்தது. எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் குதித்தார்கள். நான் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வேலை ஆரம்பித்த தேதி, முடிந்த தேதி. மூன்று வாரம். புது வேலியை மூன்று வாரத்தில் யாரும் கட்ட முடியாது அக்கா. உன்னாலும் முடியாது. மூன்று மாதம் ஆகும் என்று நீயே எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாய்! ஏற்கெனவே கட்டியவளுக்குத்தான் மூன்று வாரம் போதும்.

அப்படியென்றால் நீ முன்னாலேயே செய்திருக்கிறாய். செய்து, தேறவில்லை. தேறியிருந்தால் எனக்கு வந்திருக்குமே. நான் அந்த மேடையில் நின்றபோது விழப்போகிறேன் என்று தெரிந்தே நீ கை தட்டினாய். ஒரு வரி கேட்டேன் உன்னிடம். அனுமதிச் சீட்டுக்கு அடையாள அட்டை எடுத்து வா என்று எழுதினாய்.

முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் போனை எடுத்து உன் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது நமக்குள்.

மூன்றாம் நாள் அறிக்கையை மறுபடி படித்தேன். துணைப்பொருளைப் பாட்டிலிலிருந்து ஊற்றும் வழக்கத்துக்கு மாறாக வெற்றிடத்தில் உலர்த்தினேன் என்று ஒரு வரி. நீ ஏன் அதைச் செய்தாய் என்று யோசித்தேன். எங்கள் கணக்கில் அந்தத் துணைப்பொருளே கிடையாது, உலோகம் மட்டும் சுத்தமாகத் தனியே நிற்கும். நிஜத்தில் அப்படி எங்கே நிற்கிறது? நீ பாத்திரத்தை என் கணக்கைப் போலவே சுத்தமாக்கிவிட்டாய். எதற்காக? தப்பு துளிகூட உன் மேல் வரக் கூடாது, அத்தனையும் என் தலையில் விழ வேண்டும். சரிதானே? உன்னோடு ஒரே அறையில் வளர்ந்தவள் நான். நான் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்திருந்தால், வழக்கம்போல் பாட்டிலிலிருந்து ஊற்றியிருப்பாய், மெழுகு வந்திருக்கும். என் வேலையைக் காப்பாற்றியது உன் பொறாமை. இதற்கு உன்னைக் கட்டிக்கொள்வதா, அறைவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த சுற்றுக்கு மூன்று வடிவங்கள் எடுத்திருக்கிறேன். படங்கள் இதோடு இருக்கின்றன. டிசம்பர் கூட்டத்தில் மூன்றையும் சொல்லலாம் என்றிருக்கிறேன். நான் நாசமாகப் போக வேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டே செய்து கொடு. உன்னைப்போல் வேறு யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள்.

கோபம் தீராத,
குட்டி


நவம்பர் 5

அன்புள்ள குட்டிக்கு,

நலமில்லை. கழுத்து வலிக்கிறது, நாலு நாளாகத் தூக்கமும் இல்லை. நீ சாப்பிடுகிறாயா?

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அறைவதாக இருந்தால் நேரில் வா, கன்னம் இங்கேதான் இருக்கிறது. பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். காலையில் உன் படங்களைப் பிரித்தபோதும் எரிந்தது.

மூன்றில் நடுவில் இருப்பதை, உலர்த்திய துணைப்பொருளோடு நான் மறுபடி செய்து பார்க்கும்வரை சொல்லாதே, டிசம்பரில் வேண்டாம். அதை நான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்தேன். மெழுகுகூட வரவில்லை, வெறும் எண்ணெய்தான் வந்தது. கடைசியில் இருப்பதையும் செய்தேன், அது கரைப்பானில் கரையவே இல்லை. இரண்டும் எப்படிச் செய்தேன், எப்படி விழுந்தேன் என்பதை முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். மற்ற தேறாதவையும் கூட வருகின்றன. தேறியவற்றைவிட அவைதான் அதிகம், பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியாமல் சிரி.

முதல் படத்தில் இருப்பதை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மூன்று மாதம் ஆகும். அது எனக்கும் புதிது.

உன் அக்கா